குருதி சொல்லும் கணக்கு: விண்வெளிக் கதிர்வீச்சும் பூமியில் எழும் கேள்விகளும்

2024 ஜூன் 5 ஆம் திகதி ஸ்டார்லைனர் விண்கலத்தில் புறப்பட்ட சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஏறத்தாழ எட்டு நாட்களில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர்கள். விண்கலத்தில் எழுந்த கோளாறுகளால் அவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்க நேர்ந்தது. 286 நாட்களின் பின்னர், 2025 மார்ச் 18 ஆம் திகதி, வேறொரு விண்கலத்தில் புளோரிடாக் கடலில் வந்து இறங்கினார்கள். அந்நாட்களில் எமது தமிழ் ஊடகங்கள் உட்பட உலக ஊடகங்கள் அனைத்தும் அவர்களது தசைகள் தளர்ந்தனவா, எலும்புகள் தேய்ந்தனவா, நடக்க முடிகிறதா என்றே கேட்டன. அந்த 286 நாட்களில் அவர்களது உடல் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கிக்கொண்டது, அதை எப்படி அறிவது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

தசையும் எலும்பும் பயிற்சியால் பெருமளவு மீளக்கூடியவை. கதிர்வீச்சால் உடலின் கலங்களில் ஏற்படும் சேதமோ ஆண்டுகள் கடந்து புற்றுநோயாக வெளிப்படலாம். சந்திரனுக்கு மீண்டும் மனிதரை அனுப்பும் முயற்சிகளும் செவ்வாய் பற்றிய பேச்சும் சூடுபிடித்துள்ள இக்காலத்தில், விண்வெளி மருத்துவத்தின் பெரிய சிக்கல்களில் ஒன்று இதுதான். இதற்கு விஞ்ஞானிகள் தேடும் விடைகளுள் ஒன்று, ஒரு துளி குருதியில் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்துக் கதிர்வீச்சின் அளவைக் கணிப்பது. இந்த ஆய்வு விண்வெளி வீரர்களோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அணுமின் நிலையங்களுக்கு அருகில் வாழும் எமது குடும்பங்களையும் அது தொடுகிறது.

எவ்வளவு கதிர்வீச்சு?

பூமியில் வாழும் ஒருவர் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு, உலக சராசரியாக ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவேட். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கும் ஒருவர், சூரியனின் செயற்பாட்டைப் பொறுத்து, 80 முதல் 160 மில்லிசீவேட் வரை பெறலாம். குறைந்த கணக்கில் பார்த்தாலும், பூமியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பெறுவதை அவர் அரை ஆண்டில் பெற்றுவிடுகிறார்.

அதுவும் பூமியின் காந்தப்புலம் ஓரளவு காக்கும் உயரத்தில்தான். அந்தக் காப்பைத் தாண்டினால் கணக்கு வேறு. செவ்வாய்க்குச் சென்ற கியூரியோசிற்றி ஊர்தியில் இருந்த கருவி, பயணத்தின்போது நாளொன்றுக்கு சுமார் 1.8 மில்லிசீவேட்டை அளந்தது. போய்வரும் பயணத்துக்கு மட்டும் சுமார் 660 மில்லிசீவேட் என்று 2013 இல் வெளியான ஆய்வு கணித்தது. செவ்வாயின் தரையில் தங்கும் நாட்கள் இதில் சேராது. ஒரு வீரர் தமது பணிக்காலம் முழுவதிலும் பெறக்கூடிய அளவுக்கு நாசா வகுத்துள்ள எல்லை 600 மில்லிசீவேட். ஐரோப்பிய விண்வெளி முகமையின் எல்லை 1,000 மில்லிசீவேட். ஒரே மனித உடலுக்கு இரு நிறுவனங்கள் இரு எல்லைகளை வைத்திருப்பதே, இந்த எண்களில் விஞ்ஞானத்தோடு கொள்கை முடிவும் கலந்திருப்பதைக் காட்டுகிறது.

இது அன்றாடம் சேரும் கதிர்வீச்சு. சூரியப் புயல் இன்னொரு வகை. 1972 ஓகஸ்டில் சூரியனிலிருந்து மிகப் பெரும் துகள் வெடிப்பொன்று கிளம்பியது. அப்பல்லோ 16 அவ்வாண்டு ஏப்ரலில் சென்று திரும்பியிருந்தது. அப்பல்லோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. இடையில் வீசியதால் எவருக்கும் ஆபத்து நேரவில்லை. அந்நாட்களில் சந்திரத் தரையில் யாராவது நின்றிருந்தால் கடும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று பின்னர் கணிக்கப்பட்டது.

சட்டையில் உள்ள கருவியும் உடலில் உள்ள சாட்சியும்

இன்று ஒவ்வொரு விண்வெளி வீரரும் கதிர்வீச்சை அளக்கும் சிறு கருவியொன்றை உடலில் அணிந்திருக்கிறார். வைத்தியசாலைகளில் எக்ஸ்ரே பிரிவில் பணிபுரியும் எமது உறவுகள் சட்டையில் அணியும் அளவியின் உறவுக்காரன் அது. அந்தக் கருவி தான் இருக்கும் இடத்தில் விழுந்த கதிர்வீச்சைச் சொல்லும். அணிந்தவரின் எலும்பு மச்சையிலோ குடலிலோ என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

2022 நவம்பரில் ஆளில்லாமல் சந்திரனைச் சுற்றிவந்த ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில் ஹெல்கா, சோகர் என்ற இரு பெண்ணுடல் பொம்மைகள் ஆயிரக்கணக்கான உணரிகளுடன் அனுப்பப்பட்டன. 2024 இல் வெளியான முடிவுகளின்படி, ஒரே விண்கலத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் பாதுகாப்பு நான்கு மடங்கு வரை வேறுபட்டது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்தைக் கடக்கையில் விண்கலம் திரும்பிய கோணத்தால் மட்டும் கதிர்வீச்சு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. எந்த இருக்கையில் இருந்தார், எந்தப் பக்கம் திரும்பியிருந்தார் என்பதெல்லாம் கணக்கில் வருமென்றால், ஓர் அளவியின் எண்ணை மட்டும் வைத்து ஒருவரது நிலையைத் தீர்மானிப்பது கடினம். அந்தப் பொம்மைகளுக்குக் குருதியும் இல்லை.

குருதியைக் கேட்கும் முறை புதியதன்று. கதிர்வீச்சு வெண்குருதிக் கலங்களின் நிறமூர்த்தங்களை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் சிலவேளை தவறாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியவற்றை நுண்ணோக்கியில் எண்ணினால் எவ்வளவு கதிர்வீச்சு விழுந்தது என்று கணிக்கலாம். விண்வெளி நிலையத்துக்குச் செல்லும் வீரர்களிடம் பயணத்துக்கு முன்னும் பின்னும் குருதி எடுத்து நாசா இதைச் செய்துவந்துள்ளது. பயணத்துக்கு முன் எடுத்த குருதியின் ஒரு பகுதியை ஆய்வுகூடத்தில் தெரிந்த அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, ஒவ்வொருவருக்கும் தனி அளவுகோல் தயாரிக்கப்படுகிறது.

இது நம்பகமான முறை. ஆனால் மெதுவானது. கலங்களை வளர்க்கவே இரண்டு நாட்கள் வேண்டும். பின்னர் பயிற்சி பெற்ற ஒருவர் நூற்றுக்கணக்கான கலங்களைப் பார்த்து எண்ண வேண்டும். சந்திரப் பாதையில் சூரியப் புயலில் அகப்பட்டவருக்கு இந்தத் தாமதம் ஆபத்தானது.

மரபணுக்கள் எழுப்பும் ஒலி

மரபணு செயற்பாட்டை அளக்கும் முறை இங்குதான் வருகிறது. ஒவ்வொரு கலத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. ஆனால் எல்லா மரபணுக்களும் எப்போதும் இயங்குவதில்லை. தேவைப்படும்போது ஒரு மரபணு தன் கட்டளையை ஆர்.என்.ஏ எனப்படும் பிரதியாக எழுதி அனுப்புகிறது. பிரதிகள் எத்தனை என்று எண்ணினால், அந்த மரபணு எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கதிர்வீச்சு டி.என்.ஏ இழைகளை அறுக்கும்போது, கலத்துக்குள் பி53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. மரபுத்தொகுதியின் காவலன் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் புரதம் இது. அது பல மரபணுக்களை ஒரே வேளையில் முடுக்கிவிடுகிறது. சில மரபணுக்கள், சேதம் சீராகும் வரை கலம் பிரியாமல் தடுக்கின்றன. சில அறுந்த இடத்தைப் பழுதுபார்க்கின்றன. பழுதுபார்க்க முடியாத கலத்தை அழித்துவிடும் மரபணுக்களும் உண்டு. எஃப்.டி.எக்ஸ்.ஆர், டி.டி.பி2, சி.டி.கே.என்1ஏ போன்ற பெயர்கள் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பட்ட கதிர்வீச்சு கூடக்கூட இவற்றின் பிரதிகளும் கூடுகின்றன. சில மணி நேரத்தில் தொடங்கும் இந்த மாற்றம் ஒரு நாளளவில் தெளிவாகத் தெரிகிறது.

நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சலி அமண்ட்சனின் குழு 2008 இல் 74 மரபணுக்களைக் கொண்ட ஓர் அடையாளத் தொகுதியை வெளியிட்டது. அதன் மூலம் குருதி மாதிரிகள் எவ்வளவு கதிர்வீச்சுப் பெற்றன என்று பிரித்தறிய முடிந்தது. பிரித்தானியாவில் கிறிஸ்தோப் பாடியின் குழு, கதிர்வீச்சுச் சிகிச்சையும் சி.ரி ஸ்கானும் செய்யப்பட்ட நோயாளிகளின் குருதியில் எஃப்.டி.எக்ஸ்.ஆர் மரபணு உயர்வதை 2018 இல் காட்டியது. ஆய்வுகூடக் குழாயில் மட்டுமன்றி, உயிருள்ள மனித உடலிலும் இந்த அடையாளம் தெரிகிறது என்பதே அதன் முக்கியத்துவம்.

இந்த அளவீட்டுக்குத் தேவைப்படும் அடிப்படைத் தொழில்நுட்பம் எமக்கு அந்நியமானதன்று. கொரோனாக் காலத்தில் எம் அனைவருக்கும் பழக்கமான பி.சி.ஆர் தான் அது. 2016 இல் விண்வெளி நிலையத்திலேயே மரபணு செயற்பாட்டை அளக்கும் வெற்லாப் 2 என்ற கருவித்தொகுதி இயக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் கேற் ரூபின்ஸ், கையடக்கக் கருவியொன்றின் மூலம் முதன்முறையாக விண்வெளியில் டி.என்.ஏ வரிசையைப் படித்தார். ஆக, குருதியைப் பூமிக்குக் கொண்டுவந்து சோதிக்க வேண்டிய கட்டாயம் படிப்படியாகக் குறைந்துவருகிறது.

விரைவாகத் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. ஏறத்தாழ 2 கிரேக்கு மேல் கதிர்வீச்சு வாங்கியவரின் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, வெண்குருதிக் கலங்கள் சரியத் தொடங்கும். அவற்றை மீண்டும் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்தை 2015 இல் அமெரிக்கா இதற்காக அங்கீகரித்தது. அதை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை முதல் நாளிலேயே சொல்லக்கூடிய பரிசோதனை உயிரைக் காக்கும்.

எல்லைகளும் உண்டு

இவ்வளவும் கேட்டதும், விடை கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. மூன்று சிக்கல்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, இந்த மரபணு அடையாளங்கள் பெரும்பாலும் எக்ஸ்ரே அல்லது காமாக் கதிர்களை ஒரே தடவையில் பெரிய அளவில் பாய்ச்சிக் கண்டறியப்பட்டவை. விண்வெளியில் இருப்பவை விரைந்து பாயும் புரோத்தன்களும் இரும்பு போன்ற கனமான அணுக்கருக்களும். ஒரு கலத்தின் ஊடே இரும்புக் கரு ஒன்று பாய்ந்தால், அது விட்டுச்செல்லும் சேதம் எக்ஸ்ரேயின் சேதத்தைப் போன்றதன்று. லோங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் நாசா 2003 முதல் இத்தகைய துகள்களைச் செயற்கையாகப் பாய்ச்சி ஆராய்ந்துவருகிறது.

இரண்டாவது, விண்வெளி நிலையத்தில் கதிர்வீச்சு நாளாந்தம் சிறு சிறு துளியாகவே சேர்கிறது. மரபணுவின் எதிர்வினையோ சில நாட்களில் அடங்கிவிடும். இன்று விழுந்த அடியைச் சொல்லும் குருதி, ஆறு மாதக் கூட்டுத்தொகையைச் சொல்லாது. அதற்கு நிறமூர்த்தங்களிடமே திரும்ப வேண்டும்.

மூன்றாவது, விண்வெளியில் மரபணுக்களைக் குழப்பும் காரணங்கள் ஏராளம். ஸ்கொட் கெலி 2015 - 2016 இல் 340 நாட்கள் விண்வெளியில் இருந்தபோது, அவரது இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில் இருந்தார். இருவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2019 ஏப்ரலில் வெளியானது. ஸ்கொட் பெற்ற கதிர்வீச்சு சுமார் 146 மில்லிசீவேட். அவரது மரபணு செயற்பாட்டில் பெருமளவு மாற்றங்கள் காணப்பட்டன. ஆறு மாதங்களுக்குள் 90 வீதத்துக்கும் அதிகமானவை பழைய நிலைக்குத் திரும்பின. எடையின்மை, தூக்கக் குறைவு, மன அழுத்தம், நோய் எதிர்ப்புத் தொகுதியின் குழப்பம் ஆகியவையும் அந்த மாற்றங்களில் கலந்திருக்கும். எது கதிர்வீச்சின் குரல், எது மற்றவற்றின் இரைச்சல் என்று பிரிப்பதே இனி வரும் ஆண்டுகளின் வேலை. பயணத்துக்கு முன்னர் எடுத்த சொந்தக் குருதியோடு ஒப்பிடுவது இதற்கு ஓரளவு உதவும்.

பிக்கறிங்கும் கோயானியாவும்

விண்வெளி வீரர்கள் ஒரு சிலர். இந்தப் பரிசோதனை பெருமளவில் தேவைப்படக்கூடிய இடம் பூமிதான்.

2020 ஜனவரி 12 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்ராறியோ மாகாணமெங்கும் கைத்தொலைபேசிகள் அலறின. பிக்கறிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் நேர்ந்துள்ளதாக அந்த அவசர அறிவித்தல் கூறியது. அது தவறுதலாக அனுப்பப்பட்டது என்ற தெளிவான திருத்தம் தொலைபேசிகளுக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. ஸ்காபரோ, அஜக்ஸ், மார்க்கம் என்று கனடாத் தமிழர் செறிந்து வாழும் நகரங்கள் அந்த நிலையத்தின் அயலில்தான் உள்ளன. நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளுக்கு அயடின் மாத்திரைகள் முன்கூட்டியே வழங்கப்பட்டுள்ளன. 50 கிலோமீற்றருக்குள் வசிப்பவர்கள் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். இதை அறியாத குடும்பங்கள் எம்மிடையே இன்னும் இருக்கலாம்.

அன்று தவறான எச்சரிக்கையாக முடிந்தது உண்மையாகியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, பிரேசிலின் கோயானியா நகரம் உதாரணம். 1987 செப்டெம்பரில் கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையமொன்றிலிருந்து சீசியம் 137 அடங்கிய கருவியொன்றைச் சிலர் பழைய இரும்புக்காக எடுத்துச் சென்றனர். உள்ளே இருந்த தூள் இருளில் நீல நிறமாக ஒளிர்ந்தது. அதன் அழகில் மயங்கி உறவினருக்கும் அயலவருக்கும் பகிர்ந்தனர். நான்கு பேர் இறந்தனர்; அவர்களுள் ஒருவர் ஆறு வயதுச் சிறுமி. 249 பேரிடம் கதிரியக்கத் தூள் காணப்பட்டது. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களோ சுமார் 112,000 பேர்.

இந்த இடைவெளியே பேரிடரின் உண்மை முகம். பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கணக்கில் இருக்க, பயந்தோர் இலட்சக்கணக்கில் வருவார்கள். நிறமூர்த்தங்களை நுண்ணோக்கியில் எண்ணி இத்தனை பேருக்குப் பதில் சொல்ல எந்த நாட்டிடமும் ஆளில்லை. விரல் நுனியில் எடுக்கும் குருதியில் சில மரபணுக்களை அளந்து, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவரையும் நிம்மதியாக வீடு திரும்பலாம் என்பவரையும் ஒரு நாளில் பிரிக்க முடிந்தால், அதன் பெறுமதி சந்திரப் பயணத்தை விடப் பெரிது. அமெரிக்க அரசு இத்தகைய பரிசோதனைகளை உருவாக்கப் பல ஆண்டுகளாக நிதி வழங்கிவருவதும் இதற்காகத்தான்.

பதிவு யாரிடம் இருக்கிறது?

1957, 1958 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியா பசிபிக் கடலில் ஐதரசன் குண்டுகளை வெடித்தபோது, நியூசிலாந்தின் இரு கடற்படைக் கப்பல்கள் அங்கு நின்றன. அந்தக் கடற்படையினர் தாம் பாதிக்கப்பட்டதாகப் பல தசாப்தங்கள் சொல்லிவந்தார்கள். நிரூபிக்க அவர்களிடம் ஆவணம் இல்லை. 2008 இல் வெளியான மசி பல்கலைக்கழக ஆய்வு, அவர்களில் 50 பேரின் குருதியை வேறு 50 பேரின் குருதியோடு ஒப்பிட்டது. நிறமூர்த்தங்கள் இடம்மாறி ஒட்டியிருந்த வீதம் கடற்படையினரிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் குருதி அதைச் சுமந்திருந்தது.

பிரித்தானியாவின் பழைய படையினரோ, அக்காலத்தில் தம்மிடமிருந்து எடுக்கப்பட்ட குருதி, சிறுநீர்ப் பரிசோதனைப் பதிவுகளைத் தருமாறு அரசிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தழும்பைக் காட்டினால் போதாது, மருத்துவ அறிக்கை எங்கே என்று கேட்கப்பட்ட அனுபவம் எமது சமூகத்தில் பல குடும்பங்களுக்கு உண்டு. புகலிடக் கோரிக்கை மேசையில் உடம்பே சாட்சியாக நிற்க, அதை எழுதித்தர ஒரு வைத்தியரைத் தேடி அலைந்தவர்கள் எம்மவர்கள். எனவே மரபணு செயற்பாட்டின் ஒரு தன்மையை நாம் கவனிக்க வேண்டும். அந்த அடையாளம் சில நாட்களில் மறைந்துவிடும். முதல் நாட்களில் எவரும் குருதி எடுக்காவிட்டால், அல்லது எடுத்த முடிவை ஒருவர் பூட்டி வைத்துவிட்டால், இந்தப் பரிசோதனை பாதிக்கப்பட்டவருக்கு உதவாது. விபத்தொன்றின் பின் யார் சோதிப்பது, முடிவின் பிரதி யார் கையில் கிடைப்பது என்பவை முன்கூட்டியே சட்டமாக எழுதப்பட வேண்டியவை.

மறுபக்கமும் உண்டு. ஒருவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று சொல்லும் குருதி, அவரது உடல் கதிர்வீச்சை எவ்வளவு தாங்கும் என்பதையும் ஒருநாள் சொல்லக்கூடும். அப்போது, தாங்கும் திறன் குறைந்தவருக்கு வேலை இல்லை என்று சொல்ல வழி பிறக்கும். நாசாவின் பழைய விதிகள் வயதையும் பாலினத்தையும் வைத்து எல்லை வகுத்ததால், பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஆண்களை விடக் குறைவாக இருந்தது. அதனால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பயண நாட்களும் குறைந்தன. 2022 இல்தான் அனைவருக்கும் ஒரே 600 மில்லிசீவேட் என்று மாற்றப்பட்டது. பாலினத்தின் பேரால் நீங்கிய வேறுபாடு மரபணுவின் பேரால் திரும்பி வரக்கூடாது.

அமெரிக்காவில் 2008 இன் சட்டம் வேலையிலும் மருத்துவக் காப்புறுதியிலும் மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்புறுதி அதற்குள் அடங்காது. கனடாவில் 2017 இன் சட்டம், ஒப்பந்தம் செய்வதற்கோ சேவை பெறுவதற்கோ மரபணுப் பரிசோதனை முடிவைக் காட்டும்படி வற்புறுத்துவதைக் குற்றமாக்கியது. 2020 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மரபுவழி வந்த மரபணுவைப் பார்ப்பதற்கும், அது இன்று எவ்வளவு இயங்குகிறது என்று பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகைப் பரிசோதனையை இச்சட்டங்கள் எந்தளவுக்குக் காக்கும் என்பதை, அது பணியிடங்களுக்குள் வருவதற்கு முன்னரே தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

2024 பெப்ரவரியில் இந்தியா அறிவித்த ககன்யான் வீரர்கள் நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சந்திரனைச் சுற்றும் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்கு 2023 ஏப்ரலில் பெயரிடப்பட்ட நால்வரில் ஜெரமி ஹன்சன் கனடாக்காரர். அவர்களது குருதி மிகுந்த கவனத்துடன் எடுக்கப்பட்டு ஆராயப்படும். அதே அறிவு, வைத்தியசாலையின் ஸ்கான் பிரிவில் இரவுப்பணி செய்யும் எமது பிள்ளைக்கும், அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. கனடாவில் தொழில்சார் கதிர்வீச்சு அளவுகள் சுகாதார அமைச்சின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்படுகின்றன. அங்கு பணிபுரிவோர் தமது கணக்கைக் கேட்டுப் பெறலாம். மற்ற நாடுகளில் உள்ளோர் தமது பணியிடத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்கலாம். பிக்கறிங் அயலில் இருப்போர் அயடின் மாத்திரை வீட்டில் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வைப்பது நல்லது.